பர்மாவின் போரும் வடசென்னைக் கரையும்

(வடசென்னைக் கல்லூரி ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)



உள்நாட்டுப் போர் ஒரு வட்டாரத்தின் வாழ்க்கையை என்ன செய்கிறது என்று பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். இப்படிப்பட்ட தலைப்பில் பேசுகிறவர்கள் போர் நடந்த ஊரை எடுத்துக்கொள்வது வழக்கம். நான் போர் நடக்காத ஊரை எடுத்துக்கொள்கிறேன். இராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் இந்தக் கரையில் எந்த உள்நாட்டுப் போரும் நடந்ததில்லை. ஆனாலும் ஒரு போர் இந்தக் கரையைச் செதுக்கியிருக்கிறது. 1948-ல் பர்மாவில் தொடங்கி இன்றுவரை முடியாத உள்நாட்டுப் போர் அது. உலகில் இவ்வளவு நீண்ட காலம் தொடர்ந்த உள்நாட்டுப் போர்கள் மிகக் குறைவு.

வடசென்னையின் வரலாற்றைத் துறைமுகம், ஆலை, தொழிற்சங்கம், மீனவர் குப்பம் என்று எழுதுகிறோம். எழுத வேண்டியதுதான். ஆனால் இங்குள்ள சில குடியிருப்புகள் ஏன் இருக்கின்றன, ஏன் அந்தப் பள்ளமான இடத்தில் இருக்கின்றன, துறைமுகச் சுவரை ஒட்டி ஒரு கடைவீதி ஏன் முளைத்தது, உளுந்து விலை ஏன் சில மாதங்களில் தாறுமாறாக ஏறுகிறது என்ற கேள்விகளுக்கு அந்த வரலாற்றில் விடை இல்லை. விடை வங்கக் கடலுக்கு அக்கரையில் இருக்கிறது. பர்மாவின் போரை வடசென்னை வரலாற்றின் உள்ளே வைத்து எழுத வேண்டும் என்பதே இன்று நான் முன்வைக்கும் வாதம். அந்த நாட்டுக்கு 1989-ல் மியான்மர் என்று பெயர் மாற்றினார்கள். இங்குள்ள மக்கள் இன்றும் பர்மா என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

1. போருக்கு முன் இருந்த உறவு

1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையில் கப்பலேறியவருக்கு ரங்கூன் வெளிநாடு இல்லை. கப்பலின் மேல்தளத்தில் படுக்க இடம் கிடைத்தால் போதும், சில நாளில் அக்கரை. 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் பத்து இலட்சத்துக்கு மேல் இந்தியர்கள் வாழ்ந்தார்கள். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். தெலுங்கர்கள் பெரும்பாலும் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். தமிழர்கள் மேஸ்திரிகளின் கீழ் நெல் ஆலையிலும் வயலிலும் ரயில்வேயிலும் உழைத்தார்கள், சிறு கடை வைத்தார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் லேவாதேவி நடத்தினார்கள். 1930-க்குப் பின் வந்த உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து, கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளின் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு மாறின. 1937 அளவில் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் வசம். பர்மியர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது என்பதை நாம் மறைக்கக் கூடாது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்திலும், 1938-லும் இந்தியருக்கு எதிராக வெடித்த கலவரங்களை அந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும்.

எதிர்த் திசையில் அரிசி வந்தது, தேக்கு வந்தது, மண்ணெண்ணெய் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னையைச் சுட்டபோது தீப்பிடித்து எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள். எம்டன் கதை எல்லோருக்கும் தெரியும். எரிந்தது யாருடைய எண்ணெய் என்பதை நாம் நினைப்பதில்லை.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின. அடுத்த சில மாதங்களில் இலட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாக மலை கடந்தார்கள். ஆயிரமாயிரமாய் வழியிலேயே மாண்டார்கள். ரங்கூனில் பத்திரிகையாசிரியராக இருந்த வெ. சாமிநாத சர்மா அப்படி நடந்து வந்து அந்த நடையைத் தமிழில் நூலாக எழுதி வைத்தார். அது உலகப் போரின் கதை. அது முடிந்ததும் பலர் மீண்டும் கப்பலேறிப் பர்மாவுக்கே போனார்கள். கடையும் வீடும் நிலமும் அங்கே இருந்தன; அங்கே பிறந்தவர்களுக்கு வேறு ஊர் தெரியாது. என் பேச்சு அவர்களிடமிருந்து தொடங்குகிறது.

2. 1948: போர் தொடங்கிய விதம்

1948 ஜனவரி 4-ல் பர்மா விடுதலை பெற்றது. மூன்றே மாதத்தில், மார்ச் இறுதியில், கம்யூனிஸ்டுகள் ஆயுதம் எடுத்தார்கள். 1949 ஜனவரி 31 அன்று ரங்கூனை ஒட்டியுள்ள இன்செயினில் கரேன் இனத்தவரின் படைகளுக்கும் அரசுக்கும் சண்டை மூண்டது. முற்றுகை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தது. அந்த ஆண்டு மாண்டலேகூடச் சில காலம் கிளர்ச்சியாளர் கையில் இருந்தது. பிரதமர் ஊ நுவின் ஆட்சியை ரங்கூன் அரசு என்று கேலி பேசும் நிலை வந்தது.

அந்தப் போரில் தமிழர்கள் எந்தத் தரப்பிலும் இல்லை. ஆனால் ஐராவதி டெல்டாவின் ஊர்ப்புறங்களில் குத்தகை வசூலிக்கப் போக முடியவில்லை. ரயில் பாதைகள் தகர்க்கப்பட்டன, படகுகள் வழிமறிக்கப்பட்டன. 1948-லேயே நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்துவிட்டது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் ஊருக்குப் பணம் அனுப்புவதும் சுருங்கியது. இராமநாதபுரத்திலும் தஞ்சையிலும் மணியார்டரை எதிர்பார்த்திருந்த குடும்பங்களுக்குப் போர் தெரிந்தது அந்த வழியில்தான்.

சென்னைக்கு அது வேறு வழியில் தெரிந்தது. உலகப் போருக்கு முன் பர்மா ஆண்டுக்கு 30 இலட்சம் டன் அளவில் அரிசி ஏற்றுமதி செய்த நாடு. சென்னை மாகாணம் அந்த அரிசியை நம்பியிருந்தது. 1945-க்குப் பின் வயல்கள் திருந்தி, ஏற்றுமதி பழைய நிலைக்கு வந்துவிடும் என்று இந்திய அரசு எதிர்பார்த்தது. உள்நாட்டுப் போர் அதைக் கெடுத்தது. பழைய அளவைப் பர்மா அதற்குப் பின் பல பத்தாண்டுகளுக்கு எட்டவே இல்லை. சென்னையின் உணவுக் கட்டுப்பாடும் ரேஷனும் நீண்டதற்குப் பருவமழை பொய்த்தது ஒரு காரணம், பர்மா அரிசி வராதது இன்னொரு காரணம். 1952 ஜூனில் இராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கும்வரை அந்த நிலை தொடர்ந்தது. ஊ நு அரசு கவிழாமல் இருக்க 1950-ல் காமன்வெல்த் நாடுகள் சேர்ந்து கொடுத்த 60 இலட்சம் பவுன் கடனில் இந்தியாவும் பங்கு கொண்டது. வறுமையில் இருந்த நேரு அரசு அதைச் செய்ததற்கு அண்டை நாட்டின் மீதான அக்கறை ஒரு பக்கம் என்றால், அரிசி மறு பக்கம்.

3. படை கடை நடத்தியது, பிறகு கடைகளைப் பிடுங்கியது

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். வடசென்னைக்கு வந்தவர்கள் 1960-களில் வந்தார்கள். அவர்களைத் துரத்தியது 1962-ல் ஆட்சியைப் பிடித்த தளபதி நே வின்னின் நாட்டுடைமைத் திட்டமாயிற்றே, உள்நாட்டுப் போரோடு ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள் என்று கேட்கலாம். அந்த முடிச்சு இல்லையென்றால் என் வாதமே நிற்காது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1949-ல் படைப்பிரிவுகள் பல கிளர்ச்சியாளரோடு போய்விட்டன. தளபதி நே வின்னிடம் எஞ்சியவர்கள் சில ஆயிரம் பேர். அந்தச் சிறு படை, கம்யூனிஸ்டுகளோடும் கரேன்களோடும், 1950 முதல் சீனாவிலிருந்து தப்பி ஷான் மலைகளுக்குள் புகுந்த கோமிண்டாங் துருப்புகளோடும் மோதி மோதி வளர்ந்தது. 1962-க்குள் அது ஓர் இலட்சம் பேர் கொண்ட படை. போர் நடந்த மாவட்டங்களில் நீதிமன்றம், வரி, சாலை, சந்தை எல்லாம் அதிகாரியின் கைக்குப் போயின. பர்மியப் படையின் வரலாற்றை எழுதிய மேரி கலகன் என்ற அமெரிக்க அறிஞரின் முடிவும் இதுவே: போர் நடத்தி நடத்தியே அந்தப் படை அரசாக மாறியது.

வணிகத்துக்குள் அது நுழைந்த விதம் நம் கதைக்கு மிகவும் முக்கியம். 1951-ல் சிப்பாய்களுக்கு மலிவு விலையில் பொருள் விற்கப் படைக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். பத்தாண்டுக்குள் அதன் கையில் வங்கி, கப்பல், மீன்பிடி, நிலக்கரி இறக்குமதி எல்லாம் இருந்தன. நாட்டிலேயே மிகப் பெரிய வணிக நிறுவனம் என்ற நிலைக்கு அது வந்துவிட்டது. 1958 அக்டோபரில் படையே இடைக்கால ஆட்சி நடத்தியது. 1962 மார்ச் 2 அன்று நிலையாகவே ஆட்சியைப் பிடித்தது. ஷான் தலைவர்களின் கூட்டாட்சிக் கோரிக்கையால் நாடு உடைந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். போர் இல்லையென்றால் அந்தப் படை இல்லை. அந்தப் படை இல்லையென்றால், நாட்டின் கடைகளைத் தானே நடத்த முடியும் என்ற துணிவு அந்த அரசுக்கு வந்திருக்காது.

1963 பிப்ரவரியில் வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1964 மார்ச் 19 அன்று ரங்கூனில் கடைகள். காலையில் படைவீரர்கள் வந்து சரக்கைக் கணக்கெடுத்து, சாவியை வாங்கிக்கொண்டு, மக்கள் கடை என்று எண்ணிட்ட பலகையை மாட்டினார்கள். மொத்த வியாபாரிக்கு நேர்ந்தது சின்ன மளிகைக்காரருக்கும் நேர்ந்தது. மே 17 அன்று 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை ஆயின. கடை போனவரிடம் இருந்த ரொக்கமும் போயிற்று. வேலை செய்யப் பர்மியக் குடியுரிமை வேண்டும், உரிமம் வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் ரங்கூன் துறைமுகத்தில் வரிசையில் நின்றார்கள். நகைகளையும் பணத்தையும் சுங்கத்தில் பறிகொடுத்துவிட்டுக் கப்பலேறினார்கள். அவர்களில் பெரும் பங்கினர் செட்டியார்களைப் போல நிலம் சேர்த்தவர்கள் இல்லை, அன்றாடம் உழைத்தவர்கள். முதலாளிமேல் வந்த கோபத்தின் பயனைக் கூலிக்காரர் அனுபவித்தார்.

4. இந்தக் கரையில் இறங்கியவர்கள்

தமிழ்நாட்டு அரசின் கணக்கில் மட்டும் ஒரு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பர்மாவிலிருந்து தாயகம் திரும்பியவர்களாகப் பதிவானார்கள். அவர்கள் வந்து சேர்ந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 1965-ல் மொழிப்போர். 1965, 66-ல் வறட்சி, அரிசித் தட்டுப்பாடு. 1967 தேர்தலே படி அரிசியைப் பற்றிய தேர்தலாக இருந்தது. சொந்த மக்களுக்கே சோறு போடத் திணறிய ஒரு மாநிலத்தில், கையில் ஒன்றும் இல்லாமல் வந்து இறங்கினார்கள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்தும் இலட்சக்கணக்கானவர்களை ஏற்க வேண்டிய பொறுப்பும் அதே காலத்தில் சேர்ந்துகொண்டது.

பலருக்குத் தாத்தாவின் ஊர்ப் பெயரே கேள்விப்பட்ட ஒன்று. அங்கே போய்ப் பார்த்தவர்களும் பங்காளிகளிடம் பங்கு கேட்க முடியாமல் திரும்பினார்கள். கப்பல் விட்ட இடத்துக்கு அருகிலேயே தங்கினால் கூலி வேலையாவது கிடைக்கும் என்று வடசென்னையில் நின்றார்கள். வியாசர்பாடியில் அவர்களுக்காக எழுந்த குடியிருப்புகளின் பெயர்களைச் சொன்னால் காலம் விளங்கும்: பக்தவத்சலம் காலனி, சாஸ்திரி நகர். அன்றைய முதல்வரின் பெயர் ஒன்றுக்கு, அன்றைய பிரதமரின் பெயர் மற்றொன்றுக்கு. மணலிக்குக் கிழக்கே சடையங்குப்பத்தில் பர்மா நகர் என்றே ஒரு குடியிருப்பு இருக்கிறது.

இவர்கள் வந்து நின்ற அதே ஆண்டுகளில்தான் இந்த வட்டாரம் தொழில் வட்டாரமாகப் பெருத்தது. எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் ஏற்கெனவே இருந்தன. 1965 டிசம்பரில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனம் அமைந்து, 1969-ல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்து எண்ணூர் அனல்மின் நிலையம், பிறகு உர ஆலை. ஆலைக்குக் கட்டடம் எழுப்பவும் சுமை தூக்கவும் ஆள் வேண்டியிருந்தது. வேலைக்கு ஏங்கிய ஆட்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். போர் துரத்திய உழைப்பும் புதிய தொழிற்சாலையும் இங்கே சந்தித்தன. நம் தொழில் வரலாறுகள் இந்தச் சந்திப்பை ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை என்பது எனக்கு ஆற்றாமை தருகிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தொழில் தொடங்கச் சிறு கடன் கொடுத்தது, வீடு கொடுத்தது. 1969 நவம்பரில் தாயகம் திரும்பியோருக்கென்றே ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கியது. இன்று நாம் ரெப்கோ வங்கி என்று அறிவது அதுதான். அதே 1969-ல் துறைமுகச் சுவரை ஒட்டி, இன்றைய இராஜாஜி சாலையோரம், பாரிமுனையிலிருந்து கடற்கரை ரயில் நிலையம் பக்கமாகக் கடைகள் கொடுத்தார்கள். பர்மா பஜார் பிறந்தது. மாலுமிகள் கொண்டுவந்து விற்ற பொருள்கள், பிறகு சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் பறந்து வந்த குருவிகள் (கைச்சுமையாகச் சரக்குக் கொண்டுவரும் பயணிகள்) சுமந்த பொருள்கள், டேப்ரிக்கார்டர், கைக்கடிகாரம், சென்ட், சேலை என்று அந்த வீதி தமிழ்நாட்டுக்கு வெளிநாட்டைக் காட்டியது. சுங்க அதிகாரிகளின் சோதனையும் அந்த வாழ்க்கையின் ஒரு பகுதியாக இருந்தது. 1991-க்குப் பின் இறக்குமதி தாராளமானதும் அந்த வீதியின் தனிச்சிறப்பு தேய்ந்தது. இன்று செல்போன் பாகங்களும் பழுது பார்ப்பதுமாக நடக்கிறது. கடையைப் படை பிடுங்கிக்கொண்டவர்களுக்கு, ஒரு துறைமுகச் சுவரோரம் ஆறடிக் கடை கிடைத்தது என்பதை அந்த வீதியில் நடக்கும்போது நினைவில் வையுங்கள்.

இரண்டாவது கடற்கரைச் சாலையில் மாலை வேளையில் அத்தோ என்னும் பர்மிய உணவு விற்கும் தள்ளுவண்டிகளைச் சுற்றி நிற்கும் கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பக்கத்தில் வாழைத்தண்டு போட்ட சூடான சூப்பு. மொய்ங்கா, பேஜோ, நடுவில் வெங்காயம் திணித்த முட்டை. ரங்கூன் தெருவில் கூலிக்காரரின் சாப்பாடாக இருந்தது இங்கும் சுமைத் தொழிலாளியின் சாப்பாடாக வந்தது, பிறகு எல்லோருடைய சாப்பாடாகவும் ஆனது. பர்மாவில் கும்பிட்ட அங்காள பரமேஸ்வரியையும் முனீஸ்வரரையும் வியாசர்பாடியில் எழுப்பித் தீமிதி நடத்துகிறார்கள். இவை சுவையான செய்திகள். பத்திரிகைகள் இவற்றோடு நின்றுவிடுகின்றன. நான் நிற்க விரும்பவில்லை; ஏனென்றால் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

வந்தவர்களுக்குக் கிடைத்தது யாரும் விரும்பாத நிலம். வியாசர்பாடிக்கு அருகே கொடுங்கையூரில் மாநகரத்தின் குப்பை மலை நிற்கிறது. சடையங்குப்பம் கொசஸ்தலையாற்றின் வடிநிலம். மழை பெருத்தால் முதலில் தண்ணீர் சூழும் இடங்களில் ஒன்று. சுற்றிலும் ஆலைகளும் சாம்பல் குளங்களும் வந்த பிறகு வெள்ளம் போக வழி இன்னும் குறைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. இந்தக் கரையில் மீனவர், தலித் மக்கள், தொழிற்சாலைக்காக நிலம் இழந்தவர், போரால் விரட்டப்பட்டவர் ஆகிய எல்லோரையும் ஒரே பள்ளத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். போரின் செலவை யார் தலையில் வைப்பது என்று ஒரு மாநகரம் செய்த முடிவு அது. அந்த முடிவு தவறானது என்பதே என் கருத்து.

5. திரும்பி நடந்தவர்கள்

இந்த மண்ணில் காலூன்ற முடியாத சிலர் 1960-களிலேயே ஒரு துணிவான காரியம் செய்தார்கள். ரயிலேறி வடகிழக்குக்குப் போய், மணிப்பூர் எல்லை வழியாகக் கால்நடையாகப் பர்மாவுக்கே திரும்ப முயன்றார்கள். பர்மியப் படை விடவில்லை. இந்தப் பக்கம் மோரே என்ற சிற்றூரில் தங்கினார்கள். அங்கே தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், கோயில் கட்டினார்கள், எல்லை வணிகத்தில் முன்னுக்கு வந்தார்கள்.

போர் அங்கும் அவர்களை விடவில்லை. 2021 பிப்ரவரி 1 அன்று பர்மியப் படை மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. நாடெங்கும் புதிய எழுச்சி, புதிய போர். 2022 ஜூலை 5-ல் மோரேக்கு எதிரே உள்ள தமு நகருக்குச் சென்ற மோரேத் தமிழ் இளைஞர்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2023 மே மாதம் மணிப்பூரில் மெய்தேய்–குக்கி மோதல் வெடித்தபோது மோரேயில் தமிழர் வீடுகளும் எரிந்தன. ரங்கூனில் ஒருமுறை, மோரேயில் மறுமுறை என்று இழந்த குடும்பங்கள் அவை. வியாசர்பாடிக்கும் மோரேக்கும் இன்றும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் உண்டு என்பதால் அந்தச் செய்தி இந்த வட்டாரத்தில் உறவினர் வீட்டுச் செய்தியாகவே வந்து சேர்ந்தது.

6. இன்றைய போர், இன்றைய துறைமுகம்

பழங்கதை சொல்கிறேன் என்று மாணவர்கள் நினைக்கக் கூடாது. உங்கள் வீட்டு இட்லி மாவில் இந்தப் போர் இருக்கிறது. இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும் பங்கு பர்மாவிலிருந்து வருகிறது. அது வந்திறங்கும் முக்கிய இடம் சென்னை. பர்மா உளுந்துக்கு நாட்டின் பிற சந்தைகள் சென்னை விலையைப் பார்த்துத்தான் விலை வைக்கின்றன. விளைவது பெரும்பாலும் கீழ்ப் பர்மாவில், நெல் அறுத்த வயலில், ஈரம் காய்வதற்குள். ஒரு காலத்தில் செட்டியார்களின் பேரேட்டில் இருந்த அதே வயல்வெளிகள் அன்று அரிசி அனுப்பின, இன்று உளுந்து அனுப்புகின்றன.

2021 ஜூனில் இந்திய அரசு, ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் இரண்டரை இலட்சம் டன் உளுந்தும் ஒரு இலட்சம் டன் துவரையும் பர்மாவிலிருந்து வாங்குவதாக ஒப்பந்தம் செய்தது. ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து நான்கே மாதம் ஆகியிருந்தது. நம் அடுப்படித் தேவை அந்த ஒப்பந்தத்தின் பின்னால் இருக்கிறது. துவரை விளையும் வறண்ட மத்தியப் பகுதிகள், அதிலும் சாகைங், இன்றைய போரின் கடுமையான களங்கள். பர்மியப் படையரசு ஒரு டாலருக்கு 2,100 கியாட் என்று விலை நிறுத்தியது. வெளிச்சந்தையில் அது ஏறத்தாழ இரு மடங்குக்குப் போனது. நாணயத்தை நம்பாத வியாபாரி உளுந்தை மூட்டையிலேயே வைத்துக்கொள்கிறார். கப்பல் தாமதிக்கிறது. இங்கே விலை ஏறுகிறது. இட்லிக்கடை நடத்தும் அக்காவுக்கு சாகைங் என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் சாகைங்கின் சண்டை அவர் கல்லாவைத் தொடுகிறது.

எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தை நடத்தும் அதானி நிறுவனம் ரங்கூனிலும் ஒரு முனையம் கட்டத் தொடங்கியது. படையரசோடு தொடர்புடைய நிலத்தில் அது அமைந்ததால் உலக அளவில் எதிர்ப்பு எழுந்தது; 2023-ல் அதை மூன்று கோடி டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறியது. வங்கக் கடலின் இரு கரைகளையும் ஒரே நிறுவனம் பார்த்துவிட்ட காலத்தில், இந்தக் கரையில் இருப்பவர்கள் மட்டும் அந்தக் கரையைப் பாராமல் இருக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பர்மா–தாய்லாந்து எல்லையில் மியாவடி பக்கம், ஆயுதக் குழுக்களின் நிழலில் இணைய மோசடிக் கூடங்கள் நடக்கின்றன. கணினி வேலை என்று ஏமாற்றி அழைத்துப்போகப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். 2022 அக்டோபரில் ஒரு குழுவினர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். வேலை தேடும் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று யாராவது சொன்னால், விசாரிக்காமல் விமானம் ஏறாதீர்கள்.

7. அடுத்த போர், வேறு சட்டம்

இதே வட்டாரத்தின் வடக்கு விளிம்பில், கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும், இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்தவர்களின் முகாம்கள் இருக்கின்றன. 1983 ஜூலைக்குப் பின் தமிழ்நாட்டுக்கு வந்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்களில் எஞ்சியவர்கள் அங்கே வாழ்கிறார்கள். பெயின்ட் அடிக்கவும் சிப்காட் கூலிக்கும் போகிறார்கள். 2009 ஜனவரி 29-ல் அந்தப் போரை நிறுத்தக் கோரித் தீக்குளித்த முத்துக்குமாரின் உடல் வடசென்னையின் மூலக்கொத்தளத்தில்தான் எரியூட்டப்பட்டது. முதல் மொழிப்போரில் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் உறங்கும் இடம் அது. அந்தப் போரைப் பற்றித் தனியே பேச வேண்டும். இங்கே ஒப்பீட்டுக்காக ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

1964-ல் பர்மாவிலிருந்து வந்தவரை இந்தியர் என்று ஏற்று வீடும் வாக்கும் கொடுத்தோம். 1990-ல் இலங்கையிலிருந்து வந்தவரின் பேரப்பிள்ளை இங்கேயே பிறந்து, இங்கேயே பட்டம் பெற்று, இன்றும் முகாமின் பதிவேட்டில் இருக்கிறார். கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் தங்கியிருக்கும் ரோஹிங்கியாக் குடும்பங்களும் பர்மாவின் அதே படையால் துரத்தப்பட்டவர்கள். அவர்களுக்கு அந்த முகாம் பதிவின் உறுதிகூட இல்லை. போரில் எல்லாம் இழந்து ஒரே கரையில் வந்து நிற்பவர்களை, எந்த ஆண்டு வந்தாய், எந்த நாட்டிலிருந்து வந்தாய் என்று கேட்டு மூன்று விதமாக நடத்துகிறோம். 1964-ல் நம்மால் முடிந்தது, இவ்வளவு வசதி வந்த பிறகு முடியாமல் போவதற்கு நியாயம் இல்லை.

அன்பர்களே, 1964-ல் இருபது வயதில் கப்பலிறங்கியவர் இன்று எண்பதைத் தாண்டியவர். ஆகவே என் வேண்டுகோளைத் தள்ளிப்போடாமல் கேட்க வேண்டும்.

மாணவர்களுக்கு: உங்கள் தெருவில், உங்கள் வீட்டில், பர்மாவில் பிறந்த பெரியவர் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊர், என்ன வேலை, கடை போன அன்று என்ன நடந்தது, எந்தக் கப்பல், இங்கே முதல் இரவு எங்கே, முதல் கூலி எவ்வளவு, வீடு எப்போது யார் பெயரில் கிடைத்தது என்று கேட்டுத் தேதியோடு பதிவு செய்யுங்கள். அவர் பர்மிய மொழி பேசுவார் என்றால் அதையும் ஒலியாகப் பதிந்து வையுங்கள். இக்கல்லூரி வரலாற்றுத் துறை அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் கோப்புகளோடு அந்தப் பதிவுகளை ஒப்பிட்டுப் படிக்கும் ஆய்வாளர்கள் இங்கிருந்தே வர வேண்டும்.

அரசுக்கு: வியாசர்பாடியிலும் சடையங்குப்பத்திலும் தாயகம் திரும்பியோர் வாழும் ஒவ்வொரு வீட்டின் நில உரிமையையும் ஆய்ந்து, பட்டா இல்லாதவருக்குப் பட்டா கொடுங்கள். பர்மா நகரைச் சூழும் வெள்ளத்துக்கு வடிகால் வெட்டுங்கள். கப்பலில் வந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.